தீயணைப்பு வண்டிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? ரூ.5,000 கோடி திட்டம், 75:25 கணக்கு: எளிய விளக்கம்

குகட்பள்ளி கேபிஹெச்பி காலனியில் ஓர் அடுக்குமாடியில் தீப்பிடித்தால் என்ன செய்வீர்கள்? 101-க்கு போன் பண்ணுவீர்கள். வண்டி வரும். ஆனால் அது எவ்வளவு சீக்கிரம் வரும், அதில் மூச்சுக்கருவி இருக்குமா, உங்கள் மாடி வரைக்கும் ஏணி எட்டுமா? இதெல்லாம் தீப்பிடித்த அன்றைக்கு முடிவாகிற விஷயம் இல்லை. சில வருடங்களுக்கு முன்பே, ஒரு நிதி ஒதுக்கீட்டுக் கோப்பில் முடிவாகிவிடுகிறது.

ஹைதராபாத் இதற்குக் கொடுத்த விலையைப் பாருங்கள். 2022 மார்ச் 23-ல் போய்குடா குடோன் தீயில் 11 பேர், அதே ஆண்டு செப்டம்பர் 12-ல் செகந்திராபாத் ரூபி ஹோட்டலில் 8 பேர், 2023 மார்ச் 16-ல் ஸ்வப்னலோக் வளாகத்தில் 6 பேர், 2025 மே 18-ல் சார்மினார் அருகே குல்சார் ஹவுஸில் 17 பேர். இந்த நான்கு விபத்துகளில் மட்டும் 42 உயிர்கள். பலரைக் கொன்றது நெருப்பு அல்ல, புகை.

தீயணைப்புத் துறைக்குக் கருவி வாங்க மத்திய அரசும் மாநில அரசும் எப்படிச் செலவைப் பங்கு போடுகின்றன என்பதைப் பார்ப்போம்.

தீயணைப்பு யாருடைய பொறுப்பு?

மாநிலங்களின் பொறுப்பு. அரசியலமைப்பின் 12-வது அட்டவணை இதை நகராட்சிகளுக்குக் கொடுக்கக்கூடிய பணிகளில் ஒன்றாகச் சொல்கிறது. மும்பை, அகமதாபாத் போன்ற நகரங்களில் மாநகராட்சியே தீயணைப்புப் படையை நடத்துகிறது. தெலங்கானாவிலும் தமிழ்நாட்டிலும் அது மாநில அரசுத் துறை. அதனால் வண்டி, கட்டிடம், சம்பளம் எல்லாமே மாநில பட்ஜெட்டிலிருந்து வர வேண்டும். சாலை, மருத்துவமனை, ஓய்வூதியம் எல்லாம் போட்டியிடும் பட்ஜெட்டில் தீயணைப்புக்கு முன்வரிசை கிடைப்பது அரிது.

அப்போ மத்திய அரசு என்ன தருகிறது?

என்.கே. சிங் தலைமையிலான 15-வது நிதிக்குழு, தேசிய பேரிடர் மீட்பு நிதியில் 12.5 சதவீதத்தை 'முன்தயாரிப்பு, திறன் மேம்பாடு' என்று தனியாக ஒதுக்கச் சொன்னது. அதிலிருந்து ரூ.5,000 கோடி மாநிலத் தீயணைப்புத் துறைகளுக்கு என்று குறிக்கப்பட்டது. 2023 ஜூன் 13-ல் உள்துறை அமைச்சர் அமித் ஷா இதை அறிவித்தார். ஜூலை 4-ல் திட்டம் தொடங்கியது. 15-வது நிதிக்குழுவின் காலம் 2021-22 முதல் 2025-26 வரை. அதாவது ஐந்து வருடத்துக்கான நிதியில் முதல் இரண்டு வருடம் போன பிறகுதான் திட்டமே ஆரம்பித்தது.

எதற்கெல்லாம் வாங்கலாம்?

* புதிய தீயணைப்பு நிலையங்கள்
* மாநிலப் பயிற்சி மையங்களை வலுப்படுத்துதல்
* நவீன தீயணைப்பு, மீட்புக் கருவிகள்
* மாநிலத் தலைமையகம், நகர்ப்புற நிலையங்களை மேம்படுத்துதல்
* தொழில்நுட்ப மேம்பாடு, ஆன்லைன் வசதிகள்

பட்டியலைக் கவனித்தீர்களா? ஊழியர் சம்பளம் இதில் இல்லை.

75:25 என்றால் என்ன?

இது இலவசப் பணம் அல்ல. மாநிலமும் தன் பங்கைப் போட வேண்டும். பொதுவாக அந்தப் பங்கு 25 சதவீதம். வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு மட்டும் 10 சதவீதம். கணக்குக்காக, ஒரு வண்டியின் விலை ரூ.1 கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். தெலங்கானா ரூ.25 லட்சம் போட்டால் மத்திய அரசு ரூ.75 லட்சம் தரும். அதே வண்டியை மிசோரம் வாங்கினால் ரூ.10 லட்சம் போட்டால் போதும்.

இன்னொரு விஷயம்: ரூ.5,000 கோடியில் ரூ.500 கோடி ஊக்கத்தொகையாக நிறுத்தி வைக்கப்பட்டது. தீயணைப்புச் சட்டத்தையும் கட்டமைப்பையும் சீர்திருத்துகிற மாநிலங்களுக்கு அது.

குகட்பள்ளி நிலையமே நேரடியாகக் கேட்க முடியுமா?

முடியாது. மாநில அரசுதான் முழு மாநிலத்துக்கும் சேர்த்துத் திட்ட அறிக்கை அனுப்ப வேண்டும். உள்துறை அமைச்சர் தலைமையிலான உயர்நிலைக் குழு ஒப்புதல் தரும். பிறகு டெண்டர், கொள்முதல். எந்த நிலையத்துக்கு என்ன போகும் என்பதையும் மாநிலமே முடிவு செய்யும். பெரிய நகரத்துக்கு ஸ்கைலிஃப்டா, சிறிய மண்டலத்துக்கு ஒரு புதிய நிலையமா என்ற போட்டி அங்கேதான் நடக்கிறது.

கிராமத்துக்கு ஏன் இது பெரிய விஷயம்?

நகரத்தில் 5 முதல் 7 நிமிடத்திலும், கிராமத்தில் 20 நிமிடத்திலும் வண்டி வந்து சேர வேண்டும் என்பது தேசிய அளவிலான வழிகாட்டுதல். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போகிற வண்டி 20 நிமிடத்தில் சுமார் 13 கி.மீ.தான் போகும். நிலையம் 30 கி.மீ. தள்ளி இருந்தால் 45 நிமிடம் ஆகும். கூரை வீடோ வைக்கோல் போரோ அதுவரை காத்திருக்காது. குகட்பள்ளியில் பிரச்னை தூரம் இல்லை, டிராஃபிக். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தால் 7 நிமிடத்தில் 2.3 கி.மீ.தான் தாண்ட முடியும்.

மற்ற நாடுகளில் எப்படி?

அமெரிக்காவில் தீயணைப்பு வீரர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். 10,000 பேருக்கும் குறைவாக வாழும் ஊர்களின் தன்னார்வப் படைகளுக்கு அந்நாட்டு வனத்துறை, மாநில வனத்துறைகள் வழியாகப் பாதிக்குப் பாதி உதவுகிறது. இன்னொரு மத்திய மானியத்தில் ஊரின் மக்கள்தொகையை வைத்துப் பங்கு மாறும்: 20,000 பேர் வரை 5 சதவீதம், 10 லட்சம் வரை 10 சதவீதம், அதற்கு மேல் 15 சதவீதம். சின்ன ஊருக்குச் சின்னப் பங்கு. இதில் படைகளே நேரடியாக விண்ணப்பிக்கலாம்.

நம் விதி மாநிலத்தைத்தான் பார்க்கிறது, ஊரைப் பார்ப்பதில்லை. தன்னார்வலர்களுக்கு 'ஆப்த மித்ரா' திட்டம் இருக்கிறது. 350 மாவட்டங்களில் 1 லட்சம் பேருக்குப் பயிற்சி, அவசரகாலக் கருவிப் பை, காப்பீடு என்பது அதன் இலக்கு. ஆனால் அது வெள்ளம், புயல், நிலச்சரிவு, நிலநடுக்கத்தை மனதில் வைத்தது. ஊருக்கொரு தீயணைப்புப் படை அல்ல.

மானியம் வந்துவிட்டால் போதுமா?

போதாது. மானியம் வண்டியை வாங்கித் தரும், ஓட்டுநரை வேலைக்கு வைக்காது. டீசல், டயர், ஹோஸ் மாற்றுவது, பம்ப் பராமரிப்பு, மூச்சுக்கருவி சிலிண்டர் சோதனை என வருடாவருடம் வரும் செலவு முழுக்க மாநிலத்தின் தலையில். அந்தப் பணத்துக்கு வழி செய்யாமல் வாங்கிய வண்டி ஷெட்டில் தூங்கும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

தகவல் உரிமைச் சட்டத்தில் மாநிலத் தீயணைப்புத் துறைக்கு ஒரு மனு போடுங்கள். கட்டணம் ரூ.10. 30 நாளில் பதில் தர வேண்டும். ஐந்து கேள்விகள் போதும்:

1. இந்தத் திட்டத்தில் மாநிலத்துக்கு ஒப்புதலான தொகை எவ்வளவு?
2. மாநிலம் தன் 25 சதவீதத்தை ஒதுக்கிவிட்டதா?
3. இதுவரை செலவான தொகை எவ்வளவு, எதற்கு?
4. எங்கள் பகுதி நிலையத்துக்கு என்ன வந்தது?
5. அங்கே காலிப் பணியிடங்கள் எத்தனை?

கடைசி இரண்டு கேள்விகளுக்கான பதிலை ஒன்றாக வைத்துப் படியுங்கள். உங்கள் வீட்டுக்கு வரப்போகும் வண்டியில் என்ன இருக்கும், அதை இயக்க ஆள் இருப்பாரா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.