பாணனுக்கு யார் பாடினார்கள்?

விழுப்புரம் மாவட்டத்தில் அரசலாபுரம் என்றொரு சிற்றூர். அங்கே கிடைத்த நடுகல்லில் வாளும் இல்லை, வில்லும் இல்லை. சண்டைக்குத் துணிந்து நிற்கும் ஒரு சேவல் மட்டும் இருக்கிறது. முகையூரின் மேற்சேரிக்காகப் போராடிய கோழி அது என்று கல்லில் உள்ள எழுத்து சொல்கிறது. ஏறத்தாழ 1500 ஆண்டுகளுக்கு முன்பு ஊரே வட்டம் கட்டி நின்று ரசித்த சேவல். அது செத்தபோது ஊர் அதை மறக்க மனமில்லாமல் கல் நட்டு வைத்தது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல் ஒன்று உண்டு. மாண்ட வீரனுக்குப் பக்கத்திலேயே அவனுடைய நாய் நிற்கிறது. கோவிவன் என்ற அதன் பெயரையும் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

சேவலுக்கும் நாய்க்கும் கல் கிடைத்த நாட்டில், ஊரை மகிழ்வித்த பாணனுக்கு என்ன கிடைத்தது?

புறநானூற்றில் கையறுநிலை என்று ஒரு துறையே இருக்கிறது. தலைவன் மாண்டபின் அவனை நம்பி வாழ்ந்தவர்கள் செயலற்று நின்று புலம்புவது அது. பாரி போனபின் அவன் மகளிர் நிலவைப் பார்த்து அழுகிறார்கள். அதியமான் மார்பில் பாய்ந்த வேல் அங்கே நிற்கவில்லை, பாணர்களின் பிச்சைப் பாத்திரத்தையும் துளைத்துப் போய்விட்டது என்று ஔவை கதறுகிறார். போரில் விழுந்தவனுக்காக விளரி என்ற இரங்கற்பண்ணை யாழில் மீட்டியவர்களும் பாணர்கள்தாம். இப்படி ஊர்ச் சாவுக்கெல்லாம் அழுத பாணனும் விறலியும் செத்தபோது அவர்களுக்காக யார் அழுதார்கள் என்று தேடினால், அப்படி ஒரு பாட்டு எளிதில் கண்ணில் படுவதில்லை. பிசிராந்தையார் போன்ற புலவருக்கு இரங்கல் உண்டு. யாழைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராக நடந்தவனுக்கு இல்லை.

இந்தக் கடனை அடைக்கத் தமிழ்நாட்டுக்கு வெகுகாலம் ஆயிற்று. அடைத்தவர்களும் பெரும்பாலும் அரசர்களோ அரசாங்கமோ அல்லர். இன்னொரு கலைஞர், ஒரு மாணவர், ஒரு பத்திரிகைக்காரர் என்று யாரோ ஒருவர் பிடிவாதமாக நின்றதால்தான் பல பெயர்கள் பிழைத்தன.

1906-இல் இரண்டு கலைஞர்கள் அடுத்தடுத்து மறைந்தார்கள். ஒருவர் ஓவியர் ரவிவர்மா. மற்றவர் எட்டயபுரம் சமஸ்தான வித்துவான் சுப்பராம தீட்சிதர். 1904-இல் வெளிவந்த ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்ற பெருநூலைத் தந்தவர். இருவருக்கும் சுப்பிரமணிய பாரதி இரங்கற்பா எழுதினார். பாரதிக்கு அப்போது வயது இருபத்து நான்குகூட நிறையவில்லை. மன்னனுக்குப் பாடிய கையறுநிலை ஓர் ஓவியனுக்கும் ஒரு பாட்டுக்காரருக்கும் திரும்பியது அங்கேதான் என்று சொல்லத் தோன்றுகிறது. அதே பாரதி 1921 செப்டம்பரில் திருவல்லிக்கேணியில் இறந்தபோது கிருஷ்ணாம்பேட்டை மயானம் வரை போனவர்கள் இருபது பேர்கூட இல்லை என்பதைத் தமிழர்கள் இன்றுவரை வெட்கத்தோடுதான் சொல்கிறார்கள். எட்டயபுரத்தில் அவருக்கு மணிமண்டபம் எழுந்ததும் ஓர் எழுத்தாளரால்தான். கல்கி தம் பத்திரிகையில் வேண்டுகோள் விடுத்தார். வாசகர்கள் பணம் அனுப்பினார்கள். 1947 அக்டோபரில் அந்த மண்டபத்தை ராஜாஜி திறந்துவைத்தார்.

இந்த வரலாற்றிலேயே நெஞ்சை அதிகம் தொடுகிற கதை திருவையாற்றில் நடந்தது.

தியாகராஜர் 1847-இல் மறைந்தார். இறுதியில் துறவு பூண்டவர் என்பதால் காவிரிக் கரையில் சமாதி வைத்தார்கள். சீடர்கள் அவரவர் ஊருக்குப் போனார்கள். பாட்டு ஊர் ஊராகப் பரவியது, பாட்டைத் தந்தவரின் சமாதி புதர் மண்டிக் கிடந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் அதைச் சீர்படுத்தினார்கள். பிறகு ஆண்டுதோறும் ஆராதனை தொடங்கியது. தொடங்கிய சில ஆண்டுகளிலேயே பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று இரண்டாகப் பிரிந்தும் போனார்கள். ஆராதனையை யார் நடத்துவது என்று போட்டி போட்டவர்கள், சமாதிக்கு ஒரு நல்ல கட்டடம் வேண்டும் என்பதில் அந்த அளவுக்கு அக்கறை காட்டவில்லை.

பெங்களூர் நாகரத்தினம்மாள் தேவதாசி மரபில் பிறந்தவர். சென்னையில் பெரும் புகழோடு கச்சேரி செய்தவர். முத்துப்பழனியின் ‘ராதிகா சாந்துவனம்’ நூலை 1910-இல் முழுமையாகப் பதிப்பித்து, அதற்காக அரசின் தடையையும் சந்தித்தவர். சமாதி பாழாய்க் கிடக்கிறது என்று அவருடைய குரு பிடாரம் கிருஷ்ணப்பாவிடமிருந்து கடிதம் வந்தபோது அவர் யாரிடமும் கை நீட்டவில்லை. பாடிச் சேர்த்த தம் பணத்தைப் போட்டார். 1921-இல் அடிக்கல் நாட்டி, சில ஆண்டுகளில் குடமுழுக்கும் நடத்தினார்.

கோயில் எழுந்தது. கட்டியவருக்கு ஆராதனையில் பாட இடம் இல்லை! பெண்கள் அங்கே பாடக்கூடாது என்பதில் மட்டும் இரண்டு கட்சியும் ஒன்றாக நின்றன. அவர் சண்டைக்குப் போய்ச் சோர்ந்துவிடவில்லை. 1927-இல் பெண் கலைஞர்களைத் திரட்டி, சந்நிதிக்குப் பின்புறம் தனியாக ஆராதனை நடத்தினார். மூன்றாவது கட்சி உருவாயிற்று. ஊர் அதைப் பெண்கள் கட்சி என்றது. 1940-இல் கட்சிகள் எல்லாம் ஒன்றான பிறகுதான் ஆணும் பெண்ணும் ஒரே பந்தலில் பாடும் வழக்கம் வந்தது. இன்று தை மாதக் குளிரில் காவிரிக் கரையில் நூற்றுக்கணக்கான குரல்கள் சேர்ந்து பஞ்சரத்னம் பாடுவதைத் தொலைக்காட்சியில் பார்க்கிறவர்கள், அந்தப் பந்தலில் பெண்கள் உட்காருவதற்கு நடந்த போராட்டத்தையும் நினைத்துக்கொள்வது நல்லது.

1952-இல் நாகரத்தினம்மாள் மறைந்தார். தியாகராஜர் சந்நிதிக்கு எதிரிலேயே அவருக்கும் சமாதி. அங்கே கைகூப்பி உட்கார்ந்த கோலத்தில் அவருடைய சிலை இருக்கிறது. பார்வை நேராகச் சந்நிதியை நோக்கியது. ஒரு பாட்டுக்காரருக்கு இன்னொரு பாட்டுக்காரர் எடுத்த நடுகல் இதுவென்றால் மிகையில்லை.

நாடகக்காரர்களின் நிலைமை சங்கீதக்காரர்களை விட மோசம். கூத்தாடி என்றாலே வசவாக இருந்த காலம் அது. ராஜபார்ட் போட்டவன் இரவில் அரசன். விடிந்தால் வாடகைக்கு வீடு தரமாட்டார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் இறந்தபோது, பக்கவாதத்தால் பேச்சும் போய் முடங்கிக் கிடந்தார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் என்று இன்றைக்கும் திருவிழாக் கொட்டகைகளில் நடக்கிற நாடகங்களை எழுதியவர் அவர். அவற்றில் பல அவர் வாழ்ந்த காலத்தில் முறையான அச்சில்கூட வரவில்லை. நடிகர்கள் வாய் வழியாகவே வாழ்ந்தன.

அவர் 1918-இல் மதுரையில் அமைத்த பாலர் சபையில் சிறுவனாகச் சேர்ந்தவர் டி.கே.சண்முகம். வாத்தியார் ஒரே இரவில் ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை எழுதி முடித்ததையும், அவர் எமதருமனாக வேடம் கட்டி வந்தால் பார்த்தவர்கள் நடுங்கியதையும் இன்று நாம் அறிவது சண்முகம் எழுதி வைத்ததால்தான். ‘எனது நாடக வாழ்க்கை’ என்று தம் பெயரில் அவர் எழுதிய நூலைத் திறந்தால், பாதிக்குப் பாதி மற்றவர்களைப் பற்றியே இருக்கிறது: சம்பளம் வாங்காமல் போனவர்கள், குரல் உடைந்து வாய்ப்பிழந்தவர்கள், வழியிலேயே இறந்தவர்கள். சுவாமிகளின் நூற்றாண்டையொட்டி மதுரை தமுக்கத்தில் சிலை எழவும் அவரே முன்நின்றார். சுவாமிகளின் சமாதி புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் உள்ளது. அவர் நினைவு நாளில் நாடகக் கலைஞர்கள் இன்றும் குருபூஜை நடத்துகிறார்கள்.

நாடக உலகில் இன்னொரு விதமான நினைவும் இருந்தது. செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பா 1933 டிசம்பர் 2 அன்று 27 வயதில் இறந்தார். அவரை மணந்த கே.பி.சுந்தராம்பாளுக்கு அப்போது 25. அன்று வெள்ளைக் கதராடை உடுத்தத் தொடங்கியவர், 1980-இல் தாம் மறையும் வரை அதை மாற்றவில்லை. அதியமானுக்காக அழுத ஔவையின் பெயரில் 1953-இல் ஜெமினி எடுத்த படத்தில் ஔவையாராக வந்தவரும் அவர்தான்.

சினிமா வந்தபின் எல்லாம் தலைகீழாயிற்று. புரவலனுக்காகக் கலைஞன் அழுத காலம் போய், கலைஞனுக்காக நாடு அழுதது. இந்த மாற்றத்தை ஒரே நிகழ்ச்சியில் காட்ட வேண்டுமானால் 1969-இன் பொங்கலைச் சொல்லலாம். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் 1957-இல் 48 வயதில் காலமாகியிருந்தார். சென்னை தியாகராய நகரில் அவருக்குச் சிலை வைத்தார்கள். சிரிக்க வைத்துப் பிழைத்த ஒரு நகைச்சுவை நடிகனின் சிலையைத் திறக்க, புற்றுநோயால் உடல் தளர்ந்திருந்த முதலமைச்சர் அண்ணா வந்தார். அவர் கலந்துகொண்ட கடைசி விழாக்களில் அது ஒன்று. பிப்ரவரி 3 அன்று அண்ணா மறைந்தார். அவருடைய இறுதி ஊர்வலத்தில் சுமார் ஒன்றரைக் கோடிப் பேர் திரண்டதாகக் கின்னஸ் புத்தகத்தில் பதிவாயிற்று. 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். மறைந்தபோது, சொந்தத் தகப்பனுக்குச் செய்வது போல ஊர் ஊராக ஆண்கள் மொட்டை போட்டுக்கொண்டார்கள். அந்த நாட்களில் தற்கொலைகளும் நடந்தன. அன்பின் பெயரால் உயிரை விடுவதை எந்தக் கலைஞனும் கேட்டதில்லை. அதைப் பெருமையாகப் பேசுவது தவறு.

துக்கத்துக்கென்று சுவரில் ஒரு மொழியும் உருவாயிற்று. கறுப்புக் கரை போட்ட தாள். நடுவில் படம், இரு பக்கமும் சுடர்விடும் குத்துவிளக்கு. மேலே ‘கண்ணீர் அஞ்சலி’. இடப்புறம் ‘தோற்றம்’, வலப்புறம் ‘மறைவு’, இரண்டுக்கும் கீழே தேதிகள். அடியில் ‘ஆழ்ந்த வருத்தத்துடன்’ என்று தொடங்கி மன்றத்தினரின் பெயர்ப்பட்டியல். தலைவர் இறந்தாலும் தெருமுனை டீக்கடைக்காரர் இறந்தாலும் அமைப்பு ஒன்றுதான். பிறப்பைப் ‘பிறப்பு’ என்று எழுதாமல் ‘தோற்றம்’ என்று எழுதுவதில் ஒரு மரியாதை இருக்கிறது. மேடைக்கு வந்து போனவருக்கு அந்தச் சொல் மிகப் பொருத்தமும்கூட.

சுவரொட்டி மழையில் கரைந்துவிடும். கரையாமல் காத்தவர்களில் முக்கியமானவர் பிலிம் நியூஸ் ஆனந்தன். புகைப்படக்காரராகத் தொடங்கி, ‘நாடோடி மன்னன்’ படத்தின் மூலம் தமிழ்ச் சினிமாவின் முதல் மக்கள் தொடர்பாளர் ஆனவர். எந்தப் படம் என்று வந்தது, யார் இசை, யார் துணை வேடம் என்று ஆயிரக்கணக்கான படங்களின் விவரத்தைத் தனி ஒருவராகச் சேர்த்தார். 2016 மார்ச் 21 அன்று அவர் மறைந்தார். ஒரு பழைய நடிகர் இறந்த செய்தி வரும்போதெல்லாம் பத்திரிகை அலுவலகங்கள் தேடிப் போனது அவரைத்தான்.

அண்மைய மறைவுகளில் நடிகர் விவேக்கினுடையது தனியாக நிற்கிறது. 2021 ஏப்ரல் 17 அன்று, 59 வயதில் அவர் போனார். அப்துல் கலாம் சொன்னார் என்பதற்காக ஒரு கோடி மரக்கன்று நடும் வேலையை எடுத்துக்கொண்டவர் அவர். அவருக்கு அஞ்சலி செலுத்தப் பலர் மாலை வாங்காமல் மரக்கன்று நட்டார்கள். 2022 மே மாதம் விருகம்பாக்கத்தில் அவர் வாழ்ந்த தெருவுக்குச் ‘சின்னக் கலைவாணர் விவேக் சாலை’ என்று பெயர் வந்தது. கலைவாணரின் பட்டப்பெயர் இன்னொரு நகைச்சுவை நடிகரின் வழியாக ஒரு தெருப்பலகையில் ஏறியிருக்கிறது.

ஆனால் எல்லோருக்கும் தெருப்பலகை கிடைப்பதில்லை. வயல்வேலைப் பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியும் பாடி வளர்ந்த நாட்டுப்புறப் பாடகிகளில் சினிமா தொட்ட சிலரையே நாடு அறிந்தது. பரவை முனியம்மா 2020 மார்ச் 29 அன்று இறந்தார். ஊரடங்கு தொடங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. தம் பாட்டுக்காகத் தெருவெங்கும் கூட்டம் கண்டவரை வழியனுப்பக் கூட்டம் கூட முடியாமல் போயிற்று. ‘ஆண்பாவம்’ படத்தில் வந்த கொல்லங்குடி கருப்பாயி 2025 ஜூனில், 99 வயதில், தம் ஊரிலேயே கண்மூடினார். அவர் வாயில் இருந்த பாட்டுகளில் வானொலியும் சினிமாவும் பிடித்து வைத்தவை கொஞ்சம்தான். மிச்சம் அவரோடு போயிற்று.

புரிசை என்ற ஊரில் வேறு மாதிரி செய்கிறார்கள். தெருக்கூத்துக் கலைஞர் கண்ணப்பத் தம்பிரான் 2003-இல் மறைந்தார். சிலைக்குப் பணம் திரட்டுவதற்குப் பதிலாக, அவருடைய வழியில் வந்தவர்கள் ஆண்டுதோறும் அவர் பெயரில் நாடக விழா நடத்துகிறார்கள். இரவெல்லாம் கூத்து. முகவீணையும் மத்தளமும் விடியும் வரை ஓய்வதில்லை.

உங்கள் ஊரிலும் ஒரு கூத்து வாத்தியார் இருந்திருப்பார். பபூன் வேடம் கட்டி ஊரைச் சிரிக்க வைத்தவர், நாயனம் வாசித்தவர், கேதத்துக்கெல்லாம் போய் ஒப்பாரி பாடிய ஒரு பாட்டி இருந்திருப்பார்கள். அவர்கள் பெயர், அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் பெயர், கட்டிய வேடம், தோற்றம், மறைவு. இந்த ஐந்தையும் ஒரு நோட்டில் எழுதி ஊர் நூலகத்தில் கொடுங்கள். அவர்களைப் பார்த்தவர்கள் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள். இந்த வாரமே போய்க் கேளுங்கள்.