முற்றத்திற்கு வந்த பள்ளி



அங்கன்வாடி என்னும் சொல்லை நாம் நாள்தோறும் கேட்கிறோம். அதன் பொருளை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. ‘அங்கன்’ என்பது முற்றம். ஒரு பள்ளிக்கு முற்றத்தின் பெயர் வருவானேன்? இவ்வினாவிற்கு விடை தேடினால், குழந்தைக் கல்வியின் வரலாற்றில் ஒரு சிறந்த பகுதி நம் கண்முன் விரியும்.

1907-ஆம் ஆண்டு சனவரி 6-ஆம் நாள், உரோமை நகரின் சான் லொரென்சோ என்னும் தொழிலாளர் குடியிருப்பில் மரியா மாண்டிசோரி அம்மையார் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். பெற்றோர் வேலைக்குச் சென்றபின் கவனிப்பாரின்றித் திரிந்த பிள்ளைகளே அவருடைய முதல் மாணவர். 1939-இல் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்தார். போர்க்காலத்தில் சில ஆண்டுகள் கொடைக்கானலிலும் தங்கிப் பணிபுரிந்தார். அவருடைய முறை உயர்ந்தது. ஆயினும் அதற்குரிய கருவிகள் ஏழைச் சிற்றூர்களுக்கு எட்டாத விலையுடையவை.

அம்முறையை நம் மண்ணுக்கு இசைவித்தவர்களுள் கிஜுபாய் பதேகாவும் தாராபாய் மோடக் அம்மையாரும் முதன்மையானவர்கள். கிஜுபாய் 1920-இல் குசராத்தின் பாவநகரில் பாலமந்திரம் நிறுவிக் கதைக்கும் பாட்டுக்கும் நாடகத்திற்கும் அங்கே இடமளித்தார். தாராபாய் 1945-இல் மராட்டியக் கடற்கரையிலுள்ள போர்டியில் பாலவாடி தொடங்கினார். ஊர்ப் பிள்ளைகள் வந்தனர். தீண்டாமைக்கு ஆட்பட்ட சேரிப் பிள்ளைகள் வரவில்லை. ஆகவே பள்ளியே அவர்களிடம் சென்றது. குடிசை முற்றத்தில் வகுப்பு நடந்தது. அதுவே அங்கன்வாடி. பின்னர் அவரும் அனுதாய் வாக் அம்மையாரும் கோஸ்பாட் குன்றில், வார்லிப் பழங்குடியினரிடையே பணியாற்றினர். கூழாங்கல்லும் சிப்பியும் இலையும் விதையும் அங்கே பாடக் கருவிகளாயின. மாடு மேய்க்கும் சிறுவர்க்கு மேய்ச்சல் வெளியிலேயே பாடம் நடந்தது. 1975 அக்டோபர் 2-இல் மைய அரசு 33 வட்டாரங்களில் குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியபோது, அம்முற்றத்தின் பெயர் நாடெங்கும் பரவியது.

இனி என் ஊராகிய சிங்காநல்லூருக்கு வருகிறேன். பைக்காரா மின்சாரம் 1930-களில் வந்தபின் கோவையைச் சுற்றிப் பஞ்சாலைகள் பெருகின. ஆலைச் சங்கொலி கேட்டு விடிந்த எங்கள் தெருக்களில் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய நான்கும் வழங்கின. ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் உழைக்கும் ஆலையில், ஆறு வயதுக்குட்பட்ட அவர்தம் பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது; 1976-இல் அவ்வெண்ணிக்கை முப்பதாகக் குறைக்கப்பட்டது. அத்தகைய கூரையின்கீழ்ப் பல மொழிகள் கூடுவது இயல்பே. தாயின் தந்தையைக் கொங்கு வீட்டுப் பிள்ளை ‘அப்புச்சி’ என்னும். தெலுங்குப் பிள்ளை ‘தாத்தய்யா’ என்னும். கன்னடப் பிள்ளை ‘அஜ்ஜா’ என்னும். பாலக்காட்டுப் பிள்ளை ‘முத்தச்சன்’ என்னும். சொல் நான்கு, மடி ஒன்றே. இன்று இந்தியும் ஒடியாவும் வங்காளமும் பேசும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் கோவைக்கு வந்துள்ளனர்.

பள்ளி மொழியே போதும், வீட்டுச் சொல் எதற்கு என்பார் உளர். பல்லாண்டு முதல் வகுப்பைக் கண்டவன் என்ற முறையில் நான் சொல்வேன்: தன் சொல் பிழையென்று கேட்ட குழந்தை, சொல்லைத் திருத்திக்கொள்வதில்லை, வாயை மூடிக்கொள்கிறது. வாய்மூடிய குழந்தையை உலகம் மந்தமென்று ஒதுக்கிவிடுகிறது. ‘அப்புச்சி’யைச் சொல்லவிட்டுப் பின்னர்த் ‘தாத்தா’வைக் கற்பித்தால், குழந்தைக்கு இரு சொற்கள் சொந்தமாகும். அருகிலுள்ள பிள்ளையின் ‘அஜ்ஜா’வும் அதன் செவியில் விழுந்தால், பிறர் வீடும் தன் வீடு போன்றதே என்னும் அறிவு நான்கு வயதிலேயே அரும்பும்.

இது வெறும் விருப்பம் அன்று. குழந்தையின் மொழியையும் பண்பாட்டையும், அதனின் வேறான பண்பாடுகளையும் மதிக்கக் கல்வி பழக்கவேண்டும் என்கிறது 1989-ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை. இந்தியா 1992-இல் அதனை ஏற்றது. நியூசிலாந்து 1996-இல் வெளியிட்ட குழந்தைக் கல்வித் திட்டத்திற்கு மாவோரி மொழியில் ‘நெய்த பாய்’ என்று பொருள்படும் பெயரைச் சூட்டியது. நூலும் நெசவுமாக வாழ்ந்த கொங்கு நாட்டார்க்கு அதன் கருத்தை விளக்கவும் வேண்டுமோ? பல இழை சேர்ந்தாலன்றித் துணி இல்லை.

உங்கள் தெருவிலும் ஓர் அங்கன்வாடி இருக்கும். ஒருநாள் ஒரு கைப்பிடி புளியங்கொட்டையுடன் அங்கே செல்லுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டு மொழியில் அவற்றை எண்ணட்டும்; மற்றப் பிள்ளைகள் கேட்கட்டும். அதைவிடச் சிறந்த முதற்பாடம் எனக்குத் தெரியாது.