தோட்டத்துக் கூத்திலிருந்து பல்கலைக்கழக மேடை வரை

உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் படித்த பிள்ளைக்குப் பெறுபேறு வந்ததோடு வேலை முடிவதில்லை. அதையே பட்டப்படிப்பாகத் தொடர விரும்பி, மட்டக்களப்பிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் போன்ற இடத்துக்கு விண்ணப்பித்தால் உளச்சார்புப் பரீட்சை என்று ஒன்றைத் தாண்ட வேண்டும். நடித்துக் காட்ட வேண்டும், பாடிக் காட்ட வேண்டும், கேட்டதற்கு நின்று பதில் சொல்ல வேண்டும். ருவான்வெல்லை, யட்டியாந்தோட்டை, தெஹியோவிற்றைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து போகும் பிள்ளைகள் பலர், அழைப்பு வந்ததும் வடமோடிக் கூத்தை இரண்டு கிழமையில் சொல்லித்தர யாராவது இருக்கிறார்களா என்றுதான் தேடுகிறார்கள். தங்களிடம் காட்டுவதற்கு ஒன்றுமில்லை என்பது அவர்கள் எண்ணம். பல்கலைக்கழகத் தமிழ் நாடகத்தின் வரலாற்றைப் பார்த்தால் அந்த எண்ணத்துக்கு இடமேயில்லை.

முதலில் நம் வாசலில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். களனிப் பள்ளத்தாக்கின் இந்தப் பக்கம் இறப்பர் நாடு. விடியுமுன் பெரட்டு, வெயில் ஏறுமுன் பால்வெட்டு. இந்த வாழ்க்கைக்கு நடுவில் நம் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்து காத்துவைத்த ஆடல்கள் மூன்று: காமன் கூத்து, அர்ச்சுனன் தபசு, பொன்னர் சங்கர். மூன்றிலும் அதிகம் பரவியது காமன் கூத்துத்தான். மாசி மாதத்தில் கம்பம் ஊன்றிக் காப்புக் கட்டி, ரதியும் மன்மதனும் லயம் லயமாக ஆடி வருவார்கள். கடைசி இரவில் சிவன் நெற்றிக்கண்ணைத் திறக்க மன்மதன் எரிவான். மேடை கிடையாது, திரை கிடையாது, ஒலிவாங்கியும் கிடையாது. தப்புச் சத்தத்துக்கு மேலே குரல் எழ வேண்டும். இரவு முழுக்கக் கால் ஓயக்கூடாது. நாடகப் பயிற்சி என்று இன்று வகுப்பறையில் சொல்லித்தரும் மூச்சு, குரல், தாளம், பார்ப்போரோடு உறவு ஆகிய நான்கும் அதில் இருக்கின்றன.

ஆனால் ரதி வேடம் கட்டுவது ஆண். மன்மதன் எரிந்த பிறகு ரதி புலம்புகிறாளே, அந்தப் புலம்பலும் ஆணின் குரலில்தான். சுற்றி நிற்கும் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அது அவர்களுடைய ஒப்பாரிக்கு நெருங்கிய உறவு என்பது அவர்களுக்குத் தெரியும். பாட்டு அவர்களுக்கும் மனப்பாடம், ஆனால் ஆட்டம் அவர்களுக்கு இல்லை. விரதத்தோடு நடக்கும் சடங்கு என்பதால் அந்தக் கட்டுப்பாட்டுக்கு ஒரு காரணம் சொல்லப்பட்டது. அதற்காகத் தோட்டத்துப் பெண்ணின் குரல் பொது இடத்தில் கேட்டதே இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசையரின் துணைவியார் மீனாட்சியம்மை 1930-களிலேயே தொழிலாளர் கூட்டங்களில் நின்று பாடியவர்.

பெண்கள் பாடசாலை மேடையில் கதை நேர்மாறு. பரிசளிப்பு விழா நாடகத்தில் அரசன், மந்திரி, சேவகன் எல்லாமே நாம்தானே! கண்மையால் மீசை வரைந்து, அண்ணனின் சாரத்தை இறுக்கிக் கட்டி, குரலைத் தடிப்பாக்கிப் பேசிய சகோதரிகள் இந்த மலரைக் கையில் வைத்துக்கொண்டு சிரிப்பார்கள் என்று நம்புகிறேன். தோட்டத்தில் ஆண்கள் சேலை கட்டினார்கள், பாடசாலையில் பெண்கள் மீசை வைத்தார்கள். பெண் பெண்ணாகவே வந்து நிற்கும் இடத்தைத் தேடிப் போனால் பல்கலைக்கழக வாசலுக்கு வருகிறோம்.

அங்கே நாடகத்துக்கு முதலில் வழி திறந்தவர் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை. விபுலாநந்த அடிகள் 1926-இல் வெளியிட்ட ‘மதங்க சூளாமணி’ ஷேக்ஸ்பியரையும் வடமொழித் தசரூபகத்தையும் தமிழ் வாசகருக்கு முன்னால் வைத்தது. கணபதிப்பிள்ளை இன்னொரு பக்கத்தால் வந்தார். மாணவர் நடிப்பதற்கென்று அவர் எழுதிய நாடகங்களில் பாத்திரங்கள் யாழ்ப்பாணத்து வீட்டு முற்றத்தில் பேசுகிற பேச்சையே பேசினார்கள். ‘நானாடகம்’ 1940-இல் நூலாக வந்தது, ‘இருநாடகம்’ 1952-இல். மேடைத் தமிழ் என்றால் செந்தமிழ் என்றிருந்த காலத்தில், கல்வெட்டுத் தமிழை ஆராய்ந்து லண்டனில் கலாநிதிப் பட்டம் பெற்ற ஒருவர் இதைச் செய்தார் என்பதுதான் எனக்குப் பிடித்த செய்தி. பேச்சுத் தமிழ் மேடைக்குக் குறைவானது என்று அதன்பின் யாரும் இலகுவில் சொல்ல முடியவில்லை.

அடுத்த அசைவு நம் சிங்கள அயலவரிடமிருந்து வந்தது. 1956-இல் எதிரிவீர சரச்சந்திர ‘மனமே’ நாடகத்தை மேடையேற்றினார். அதன் உடல் நாடகம என்ற பழைய சிங்கள ஆடல். அந்த ஆடலுக்கோ வேர் தமிழ்க் கூத்தில். பலப்பிட்டியிலிருந்து வந்த சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சே என்ற பழைய ஆட்டக்காரர் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு ஆட்டமும் பாட்டும் பழக்கினார். மனமே இளவரசியாக நின்றவர்கள் பெண்களே.

தமிழில் அதே வேலையைப் பேராதனையில் செய்தவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். ‘கர்ணன் போர்’ 1962-இல், அடுத்த ஆண்டு ‘நொண்டி நாடகம்’, பிறகு ‘இராவணேசன்’, ‘வாலி வதை’. மட்டக்களப்பிலிருந்து அண்ணாவியார் வந்தார். விடிய விடிய நடக்கும் கூத்து, படச்சட்ட மேடைக்கும் நகரத்துப் பார்வையாளரின் பொறுமைக்கும் ஏற்றபடி சுருங்கியது. ஆட்டம் அறிந்த மட்டக்களப்பு மாணவர் சி. மௌனகுரு போன்றோர் முன்னால் நிற்க, அன்றுவரை சலங்கை கட்டாத பிள்ளைகள் பின்னால் நின்று காலடி பழகினார்கள். மாணவிகளும் பழகினார்கள். இதைக் கவனியுங்கள்: ஊர்க்கூத்தை விட்டுவிட்டு வா என்று பல்கலைக்கழகம் சொல்லவில்லை, ஊர்க்கூத்தைத் தேடி அதுதான் போயிற்று.

அந்த வரிசையில் நம் பக்கத்துப் பெண் எங்கே? தேடிப் பார்க்கத் தேவையில்லை. 1948-இன் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய காலம் அது. தோட்டப் பாடசாலை என்றால் பெரும்பாலும் ஒரே மண்டபம், ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. 1970-களில் அரசு அப்பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கும்வரை உயர்தரம் வரை ஏறிய தோட்டத்துப் பெண்பிள்ளை அபூர்வம். பல்கலைக்கழகம் மட்டக்களப்புக் கூத்தைத் தேடிப் போனது போல மாசி மாதத்தில் ஓர் இறப்பர் தோட்டத்துக்கும் வந்திருந்தால் என்று நினைத்துப் பார்ப்பதுண்டு. காமன் கூத்தைப் பற்றிய ஆய்வுகள் பின்னால் வந்தன, மலையகத்தாரே எழுதினார்கள். ஆனால் ‘இராவணேசன்’ பெற்ற இடத்தை அது பெறவில்லை.

இன்று நிலை வேறு. நாடகமும் அரங்கியலும் சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் பாடம். 1982-இல் இசை நடனக் கல்லூரியாகத் தொடங்கி, பின் கிழக்குப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த விபுலாநந்தர் பெயரிலான நிறுவகம் நாடகத்தில் பட்டம் தருகிறது. ஆகவே உளச்சார்புப் பரீட்சைக்குத் தயாராகும் பிள்ளைக்கு நான் சொல்வது இது. கடன் வாங்கிய வடமோடியை இரண்டு கிழமையில் கற்றுக்கொண்டு போகாதே. அதை ஆடிப் பழகிய ஊர்ப் பிள்ளை உனக்கு முன்னாலேயே ஆடியிருப்பாள், பார்ப்பவர்களும் அதில் ஊறியவர்கள். சினிமாப் பாட்டுக்கு ஆடுவதை நினைக்கவே வேண்டாம். ரதி புலம்பலை எடு. தோட்டத்துக் கூத்து மாஸ்டரிடம் போய், சடங்குக்கு வெளியே பயிற்சிக்காகக் கேட்கிறேன் என்று மரியாதையோடு சொல்லிப் பாட்டையும் அடவையும் கேட்டு எழுதிக்கொள். பிறகு அம்மாச்சியிடம் போய் ஒப்பாரி கேள். மாஸ்டரின் குரலில் இல்லாத ஏதோ ஒன்று அம்மாச்சியின் குரலில் இருக்கும், அதை உன் காது பிடிக்கும்.

குரலுக்கு இறப்பர் மலை போதும். இந்த மரத்தடியில் நின்று அந்தச் சரிவில் நிற்கும் தோழிக்குக் கத்தாமல் கேட்க வைக்க முடிகிறதா என்று பார். ஒரு சூழ்நிலையைச் சொல்லி உடனே நடித்துக் காட்டச் சொன்னால் பெரட்டுக்களம், பால் நிறுக்கும் இடம், சம்பள நாள் என்று நீ கண்ட இடத்திலேயே வைத்து நடி. பேச்சைத் திருத்தாதே, கணபதிப்பிள்ளையின் பாத்திரங்கள் பருத்தித்துறைப் பக்கத்துப் பேச்சைப் பேசலாமென்றால் உன் பாத்திரம் லயத்துப் பேச்சைப் பேசலாம். ஏன் இந்தத் துண்டை எடுத்தாய் என்று கேட்பார்கள். என் தோட்டத்தில் இதைப் பெண்கள் ஆடுவதில்லை, அதனால் எடுத்தேன் என்று சொல்லிவிட்டு நிறுத்து. மிச்சத்தை ஆட்டம் சொல்லும். ‘மண் சுமந்த மேனியர்’, ‘இராவணேசன்’, ‘மனமே’ மூன்றையும் வாசித்துவிட்டுப் போ. ஒன்றையாவது பார்த்துவிட்டுப் போனால் இன்னும் நல்லது.

தூர தேசத்திலிருக்கும் பழைய மாணவிகளுக்கும் இதில் வேலை உண்டு. பரீட்சைக்குப் போகும் பிள்ளை தொலைபேசியில் பேசிக்காட்டினால் முழுக்கக் கேளுங்கள். குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, எந்தச் சொல் விளங்கவில்லை என்று மட்டும் சொல்லுங்கள். ருவான்வெல்லையிலிருந்து அவிசாவளை வழியாகக் கொழும்புக்கு பஸ், கோட்டையிலிருந்து மட்டக்களப்புக்கு இரவு ரயில், ஒரு பெரியவர் துணை: இந்தச் செலவு ஒரு பால்வெட்டும் குடும்பத்துக்குப் பல நாள் சம்பளம். போகும் பிள்ளை இரவு முழுக்க விழித்திருந்து வசனம் சொல்லிப் பார்க்காமல் தூங்க வேண்டும். சுடுதண்ணீர்ப் போத்தல் ஒன்றும், ஆடுவதற்குப் பழகிய பழைய பாவாடையும் பையில் இருக்கட்டும். புதியது வேண்டாம், காலில் தடக்கும்.