அமிலத்துக்கு முன்னே மண்: வைக்கோல் எத்தனாலில் முன்பதப்படுத்தலை எதைக் கொண்டு அளப்பது?

செல்லுலோஸைச் சூழ்ந்த லிக்னின், ஹெமிசெல்லுலோஸ் பிணைப்பை நெகிழ்த்தி நொதிக்கு வழிவிடுவதே முன்பதப்படுத்தல். வைக்கோல் எத்தனாலில் இதுவே கடினமான கட்டம் என்பதில் ஆய்வாளரிடையே பெரிய வேறுபாடில்லை. அதன் வெற்றியை எதைக் கொண்டு அளப்பது என்பதில்தான் இக்கட்டுரை மாறுபடுகிறது. ஆய்வகங்கள் குளுக்கோஸ் விளைச்சலை அளக்கின்றன. அரைத்து, சலித்து, பல வேளைகளில் கழுவியும் எடுத்த தூளில் கிடைக்கும் எண் அது. ஆலை வாசலுக்கு வரும் வைக்கோலைப் பற்றி அது சொல்வது குறைவு.

நீர்த்த கந்தக அமிலத்தில், 150 முதல் 190 டிகிரி செல்சியஸில், ஹெமிசெல்லுலோஸ் சைலோஸாகக் கரைகிறது. வெப்பமோ நேரமோ கூடினால் சைலோஸ் ஃபர்பியூரலாகச் சிதைந்து, உடன் வெளிப்படும் அசிட்டிக் அமிலத்தோடு சேர்ந்து ஈஸ்ட்டை முடக்கும். காரத்தில் ஃபர்பியூரல் தொல்லை இல்லை, லிக்னினும் கரையும். ஆனால் நெல் வைக்கோலின் சாம்பல் பெரும்பாலும் எடையில் 10 விழுக்காட்டைத் தாண்டும். அதில் மிகுதியும் சிலிக்கா. அதுவும் காரத்தில் கரைந்து, கழிவுநீரைச் சுண்டவைக்கும் கலன்களில் படிகிறது. வைக்கோலில் காகிதம் செய்த ஆலைகள் நெடுங்காலம் பட்ட பாடு இது. எரிபொருள் ஆய்வுகள் அந்த அனுபவத்தை இன்னும் தாராளமாக எடுத்தாண்டிருக்கலாம்.

பானிபட்டில் 2022 ஆகஸ்டில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட இந்தியன் ஆயில் ஆலைக்கு அறிவித்த இலக்கு, ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் டன் வைக்கோலில் 3 கோடி லிட்டர் எத்தனால். டன்னுக்கு 150 லிட்டர் ஆகிறது. உலர்ந்த வைக்கோலில் செல்லுலோஸ் 35 விழுக்காடு என்று கொண்டால், கோட்பாட்டளவில் அதுமட்டுமே 250 லிட்டர் தரவேண்டும். இந்த இடைவெளி முழுவதையும் முன்பதப்படுத்தலின் தலையில் கட்ட முடியாது. ஈரம், மண், நொதித்தல் இழப்பு எல்லாம் அதில் அடக்கம். ஆயினும் ஆய்வக விளைச்சலை 85இலிருந்து 90 விழுக்காடாக உயர்த்தும் முயற்சி இதில் எவ்வளவை நிரப்பும்?

வைக்கோல் பொதபொதவென்று இடத்தை அடைப்பது. அதை அழுத்தக் கலனுக்குள் இடைவிடாது திணிக்கும் திருகுகளை மண்ணும் சிலிக்காவும் அராவுகின்றன. கல் சிக்கினால் ஓட்டமே நிற்கும். அயோவாவின் எம்மெட்ஸ்பர்க்கில் 2014இல் மக்காச்சோளத் தட்டையைக் கொண்டு தொடங்கிய போயட்-டிஎஸ்எம் ஆலை, முன்பதப்படுத்தல் சிக்கலைக் கடந்துவிட்டதாக 2017இல்தான் அறிவித்தது. 2019இல் வணிக உற்பத்தியை நிறுத்தியபோது அரசின் எரிபொருள் கொள்கையைக் காரணம் காட்டியது. அது பொய்க்காரணம் அன்று. ஆனால் தொடக்க ஆண்டுகளில் தடையின்றி ஓடாத ஆலைக்குக் கொள்கை மாற்றத்தைத் தாங்கும் வலு ஏது?

ஆகவே முன்பதப்படுத்தல் ஆய்வுகள் கழுவாத, வயல்மண் கலந்த வைக்கோலில், தண்ணீர்ச் செலவையும் அமிலத்தை நடுநிலைப்படுத்தும்போது சேரும் உப்பையும் சேர்த்து முடிவுகளைத் தரவேண்டும். மண்ணின் அளவு வயலில் வாரும்போதே தீர்மானமாகிறது. அரியானா, பஞ்சாப் உழவர்களுக்கு நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே இருப்பது சில வாரங்களே. மண் ஒட்டாமல் நிதானமாக வார அவர்களுக்குப் பொழுதில்லை. வைக்கோலுக்கு எடை போட்டு மட்டும் பணம் தரும் ஆலை, ஒட்டிவந்த மண்ணுக்கும் சேர்த்தே விலை கொடுக்கிறது. சாம்பலைச் சோதித்து, தூய கட்டுக்குக் கூடுதல் விலை தருவதும் முன்பதப்படுத்தல் செலவில் வைக்கவேண்டிய கணக்கே.