கட்சிக்கு ஒரு டி.வி.

1977-இல் எம்.ஜி.ஆர். நம் அருப்புக்கோட்டைத் தொகுதியில் ஜெயித்து முதல்வரானார். அப்போது எந்தக் கட்சிக்கும் டி.வி. கிடையாது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. ரேடியோ மத்திய அரசின் கையில். கட்சிச் செய்திக்குக் கட்சிப் பத்திரிகைதான். முரசொலியைக் கையில் எடுப்பவருக்கு அது தி.மு.க. பத்திரிகை என்று தெரியும். டீக்கடை பெஞ்சில் அதை எதிர்க்கட்சிக்காரரும் புரட்டுவார், உடனே வாக்குவாதம் நடக்கும். பேச்சு முடிந்ததும் சேர்ந்து டீ குடிப்பார்கள்.

1993 ஏப்ரல் 14-இல் சன் டி.வி. வந்தது. தொடங்கியவர் முரசொலி மாறனின் மகன் கலாநிதி மாறன். 1999-இல் ஜெயா டி.வி. வந்தது. செய்தி டீக்கடையிலிருந்து வீட்டுக்குள் போனது.

அதன் பலனை 2001 ஜூன் 30-இல் பார்த்தோம். நள்ளிரவு தாண்டிக் கலைஞரைக் கைது செய்தார்கள். போலீசார் அவரைத் தூக்கிச் செல்வதையும் அவர் அலறுவதையும் சன் டி.வி. திரும்பத் திரும்பக் காட்டியது. ஜெயா டி.வி. போலீஸ் தரப்புப் படத்தைப் போட்டு வேறு கதை சொன்னது. ஒரே இரவு, ஒரே கைது. ஆனால் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் பார்த்தது வேறு வேறு.

2006-இல் வந்த தி.மு.க. அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. மழையை நம்பியிருக்கும் திருச்சுழிப் பக்கத்துக் குடிசையிலும் பெட்டி வந்தது.

தலைவருக்கும் டி.வி.க்கும் உள்ள உறவும் நிலையானதல்ல. 2007 மே மாதம் தினகரன் கருத்துக்கணிப்பை ஒட்டி மதுரை அலுவலகம் தாக்கப்பட்டது. மூன்று ஊழியர்கள் இறந்தார்கள். மாறன் சகோதரர்களுக்கும் கட்சிக்கும் பிளவு வந்தது. செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில், கலைஞர் டி.வி. தொடங்கியது. ஜெயலலிதா மறைந்தபின் ஜெயா டி.வி. சசிகலா குடும்பத்தார் வசமிருந்ததால், ஆளும் அ.தி.மு.க.வுக்காக 2018-இல் நியூஸ் ஜெ வந்தது. கட்சி உடையும்போதெல்லாம் ஒரு சேனல் பிறக்கிறது.

கட்சிப் பத்திரிகைக்குக் காசு கொடுத்தோம், அது யார் குரல் என்று தெரிந்தே படித்தோம். டி.வி.யில் அதே குரல் ‘செய்திகள்’ என்ற பெயரில் வருகிறது. நம் வயதுக்காரர்கள் ஒன்று செய்யலாம். பெரிய சம்பவம் நடந்தால் நமக்குப் பிடிக்காத சேனலையும் பத்து நிமிடம் பார்க்கலாம். அந்த டீக்கடை பெஞ்சில் நாம் செய்ததும் அதுதானே!