சியாட்டில் நகர மனித உரிமை ஆணையம்: ஒரு வரலாற்றுப் பார்வை

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் அயல்நாட்டு நகர் ஒன்றின் வரலாற்றை எழுதுவது எதற்கு என்று அன்பர் சிலர் வினவக்கூடும். அவ்வினாவிற்கு முதலில் விடை கூறிவிடுகிறோம். 2023ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 21ஆம் நாள், அமெரிக்க நாட்டின் மேற்குக் கரையிலுள்ள சியாட்டில் நகர மன்றம், சாதியின் பெயரால் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்து சட்டம் இயற்றியது. அமெரிக்க நகரங்களுள் இத்தகைய சட்டத்தை முதன்முதலாக இயற்றியது அந்நகரமே. கடல் கடந்து சென்ற நம்மவர்க்கு அச்சட்டம் ஒரு காப்பு. ஆயினும் அது ஒரு நாளில் முளைத்த பயிரன்று. அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே அந்நகரின் கறுப்பின மக்கள் நிலத்தை உழுது வைத்திருந்தனர். அவ்வுழவின் வரலாற்றை நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும் என்பதே எம் நோக்கம்.

ஊரும் சேரியும் அங்கும் இருந்தன

சியாட்டில் நகரில் 1940இல் கறுப்பின மக்கள் 3,789 பேரே வாழ்ந்தனர். இரண்டாம் உலகப் போரின்போது விமானத் தொழிற்சாலைகளிலும் கப்பல் கட்டும் துறைகளிலும் வேலை தேடிப் பல்லாயிரவர் வந்து குடியேறினர். 1960இல் அவர்கள் தொகை 26,901 ஆக உயர்ந்தது. தொகை பெருகிய அளவிற்கு அவர்கள் வாழும் இடம் பெருகவில்லை. நகரின் நடுப்பகுதியில் ஒரு சிறு வட்டாரத்திற்குள்ளேயே அவர்கள் அடைபட்டுக் கிடந்தனர்.

இதற்குக் காரணம் வறுமை மட்டுமன்று. 1920களிலிருந்து அந்நகரின் பல பகுதிகளில் வீட்டுமனைப் பத்திரங்களிலேயே ஒரு நிபந்தனை எழுதப்பட்டு வந்தது. இம்மனையைக் கறுப்பினத்தார்க்கோ ஆசிய இனத்தார்க்கோ விற்கலாகாது. அவர்கள் இதில் குடியிருக்கவும் கூடாது என்பதே அது. சில பத்திரங்களில் யூதரும் விலக்கப்பட்டிருந்தனர். அவர்கள் வீட்டு வேலைக்காரராக இருந்தால் மட்டும் தங்கலாம் என்ற விதிவிலக்கும் பல பத்திரங்களில் காணப்பட்டது. வயலில் உழைக்க நம் கை வேண்டும். தெருவில் நடக்க நம் கால் கூடாது என்று கண்ட நமக்கு இவ்விதிவிலக்கின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரலாகாது என்று 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்த பின்னும் வீட்டு உரிமையாளரும் தரகரும் பழைய வழக்கத்தைக் கைவிடவில்லை. வெளிப்படையாகக் கூறாமல், வீடு வேறொருவர்க்குப் பேசி முடிந்துவிட்டது என்று சொல்லி அனுப்பினர்.

ஆணையத்தின் தோற்றம்

குடியிருப்புச் சிக்கலை ஆராய 1962இல் நகரத் தலைவர் கார்டன் கிளிண்டன் ஒரு குழுவை அமைத்தார். வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனப் பாகுபாட்டைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. நகர மன்றமோ காலம் தாழ்த்தியது. மனித உரிமை ஆணையம் ஒன்று அமைக்கும் திட்டம் வந்தபோதும், பன்னிரு உறுப்பினருள் கறுப்பினத்தார் இருவரே இடம்பெறுவர் என்ற செய்தி மக்களைச் சினங்கொள்ளச் செய்தது.

1963ஆம் ஆண்டு சூலை முதல் நாள் மக்கள் ஊர்வலமாகச் சென்றனர். நடு வட்டாரத்தின் இளைஞர் முப்பத்தைவர் நகரத் தலைவரின் அலுவலகத்தில் அமர்ந்து அறப்போர் நடத்தினர். ஏறத்தாழ ஒரு நாள் முழுதும் அவர்கள் இடத்தை விட்டு அகலவில்லை. அந்நகரம் அதுவரை கண்டிராத போராட்டம் அது. அம்மாதம் 17ஆம் நாள் சியாட்டில் மனித உரிமை ஆணையம் சட்டப்படி தோற்றுவிக்கப்பட்டது. எல்லாருக்கும் வீடு கிடைக்க வழிசெய்யும் சட்டத்தின் வரைவை ஆக்கித் தருவதே அதன் முதற்பணியாயிற்று.

தோல்வியும் வெற்றியும்

ஆணையம் வரைவை ஆக்கித் தந்தது. நகர மன்றம் அதனைத் தானே நிறைவேற்றத் துணியாது பொதுமக்கள் வாக்கெடுப்பிற்கு விட்டது. 1964ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் வாக்கெடுப்பு நடைபெற்றது. ஆதரித்தோர் 54,448 பேர்; எதிர்த்தோர் 1,15,627 பேர். சிறுபான்மையினரின் உரிமையைப் பெரும்பான்மையினரின் வாக்குப்பெட்டியிலிட்டு எண்ணினால் என்ன விளையும் என்பதற்கு இது சான்று. தனித் தொகுதிமுறைக்காக அண்ணல் அம்பேத்கர் வட்டமேசை மாநாட்டில் ஏன் அத்துணை உறுதியாக வாதிட்டார் என்பதை இவ்வெண்கள் நமக்கு நினைவூட்டுகின்றன.

தோல்வியால் அம்மக்கள் ஓய்ந்துவிடவில்லை. பாகுபாடின்றி வீடு விற்க இசைந்த உரிமையாளர்களின் பட்டியலைத் தொண்டர்கள் தொகுத்து, வீடு தேடுவோரைப் புதிய பகுதிகளில் குடியமர்த்தினர். 1967இல் சாம் ஸ்மித் என்பார் நகர மன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அம்மன்றத்தில் அமர்ந்த முதற் கறுப்பின உறுப்பினர் அவரே. 1968ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். நாடே கலங்கி நின்ற அவ்வேளையில், ஏப்ரல் 19ஆம் நாள், சாம் ஸ்மித் முன்னின்று கொணர்ந்த குடியிருப்புச் சட்டத்தை நகர மன்றம் ஒருமனதாக நிறைவேற்றியது. நான்காண்டுகட்கு முன் மக்கள் வாக்கில் வீழ்ந்த கொள்கை சட்டமாக எழுந்தது.

முறையீடு செல்லும் வழி

அடுத்த ஆண்டுகளில் இச்சட்டத்தின் எல்லை வேலைவாய்ப்பிற்கும் பொது இடங்களுக்கும் விரிந்தது. இனம், நிறம், சமயம் ஆகியவற்றோடு பால், வயது, உடற்குறை, பாலீர்ப்பு முதலியனவும் காப்புப் பெற்றன. இன்று முறையீடுகளை விசாரிப்பது நகரக் குடிமை உரிமைகள் அலுவலகம். ஊதியமின்றித் தொண்டாற்றும் உறுப்பினர்களைக் கொண்ட மனித உரிமை ஆணையம், நகரத் தலைவர்க்கும் மன்றத்திற்கும் அறிவுரை கூறுகிறது. மக்கள் குறைகளைக் கேட்கிறது.

முறையீடு செய்வதற்குக் கட்டணமில்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. இருதரப்பையும் அலுவலர் கேட்பார், ஆவணங்களை வரவழைப்பார், இணக்கம் காண முயல்வார். மறைவாக நடக்கும் பாகுபாட்டைக் கண்டறிய ஒரு சோதனை முறையும் உண்டு. வருவாயிலும் தகுதியிலும் ஒத்த இருவர், இனத்தில் மட்டும் வேறுபட்டவர், ஒரே வீட்டைத் தனித்தனியே சென்று வாடகைக்குக் கேட்பர். ஒருவர்க்கு வீடு உண்டு என்றும் மற்றவர்க்கு இல்லை என்றும் விடை வந்தால், இனிய சொல்லுக்குள் ஒளிந்திருந்த வன்மம் வெளிப்பட்டுவிடும்.

சாதி என்னும் சொல்

1965இல் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் திருத்தப்பட்டபின் இந்தியர் பெருந்தொகையாக அந்நாடு சென்றனர். கல்வியோடும் தொழில் திறனோடும் சாதியும் கப்பலேறிச் சென்றது. குலப்பெயரைக் கேட்டலும், உணவு வழக்கத்தை வினவுதலும், தோளில் பூணூல் உண்டா என்று தட்டிப் பார்த்தலும் அங்கும் நிகழ்வதாகத் தாழ்த்தப்பட்டோர் எடுத்துரைத்தனர். ஆயின் சட்டத்தில் இனம் என்ற சொல் இருந்தது. சாதி என்ற சொல் வெளிப்படையாக இல்லை. பெயரில்லாத நோய்க்கு மருந்து கேட்பது எங்ஙனம்?

2019இல் பிராண்டைஸ் பல்கலைக்கழகமும், 2022இல் கலிபோர்னிய மாநிலப் பல்கலைக்கழகமும் தம் விதிகளில் சாதியைச் சேர்த்தன. சியாட்டில் நகர மன்றத்தில் சட்டத்தைக் கொணர்ந்தவர் இந்தியாவில் பிறந்த உறுப்பினர் சமா சாவந்த். தம்மைப் பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்தவர் என்று வெளிப்படையாகக் கூறியவர் அவர். அம்பேத்கரியர்களும், சீக்கியர், இசுலாமியர், இந்துக்கள் எனப் பலரும் ஆதரித்தனர். இச்சட்டம் ஒரு சமயத்தாரை மட்டும் பழி தூற்றுகிறது என்று சில அமைப்புகள் எதிர்த்தன. ஆறு பேர் ஆதரிக்க, ஒருவர் எதிர்க்கச் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டே பிரெஸ்னோ நகரமும் அவ்வழி பின்பற்றியது. கலிபோர்னிய மாநிலச் சட்டமன்றம் ஏற்ற இதுபோன்ற சட்டத்திற்கு அம்மாநில ஆளுநர் 2023 அக்டோபரில் ஒப்புதல் மறுத்தார் என்பதையும் நாம் மறத்தலாகாது. பாதை இன்னும் முடியவில்லை.

நாம் கொள்ள வேண்டிய பாடம்

பொதுத் தெரு, பொதுக் கிணறு, பொது இடம் யாவும் எல்லார்க்கும் உரியன என்ற தீர்மானத்தை 1924இலேயே சென்னைச் சட்டமன்றத்தில் தாத்தா இரட்டைமலை சீனிவாசன் கொணர்ந்தார். அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955ஆம் ஆண்டுச் சட்டமும் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் நமக்கு உள்ளன. 2021இல் தமிழ்நாட்டிலும் ஆதிதிராவிடர் பழங்குடியினர்க்கென மாநில ஆணையம் அமைந்தது. சாதி என்னும் சொல்லைச் சட்டத்தில் சேர்க்க அவர்கள் அறுபதாண்டு காத்திருந்தனர். நமக்கோ அச்சொல் முன்னரே எழுதப்பட்டுள்ளது. அதைப் பயன்படுத்தும் பயிற்சியே நம்மிடம் குறைவு.

எந்த ஆணையமும் தானே நடந்து நம் வாயிலுக்கு வாராது. எழுதப்பட்ட முறையீடே அதனை அசைக்கும். ஆகவே நம் சங்கத்தின் மாலை வகுப்புகளில் பயிலும் ஒவ்வோர் இளைஞரும் மனு எழுதக் கற்றல் வேண்டும். நிகழ்ந்த நாள், நேரம், இடம், சொல்லப்பட்ட சொல், கண்டவர் பெயர் ஆகியவற்றை அன்றே குறித்து வைத்தல் வேண்டும். மனு கொடுத்தால் அதற்குரிய ஏற்புச் சீட்டைக் கேட்டுப் பெறுக. முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கட்டணமின்றிப் பெறுவது புகார் கொடுத்தவரின் உரிமை என்பதை அறிக. எழுதத் தெரியாத பெரியோர்க்கு எழுதித் தருக.

நகரத் தலைவரின் அலுவலகத்தில் அமர்ந்த முப்பத்தைந்து இளைஞர்களின் பெயர்களைப் பெரும்பாலோர் அறியார். அவர்கள் பெற்றுத் தந்த ஆணையம் அறுபது ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது. அவர்கள் திறந்த வழியிலேதான் நம் மக்களின் குறையும் பின்னர் அம்மன்றத்தை எட்டியது. கற்பி, ஒன்றுசேர், போராடு என்ற அண்ணலின் ஆணையை ஏற்ற நாம், கற்ற கல்வியை நம்மவரின் முறையீட்டுத் தாளில் முதலில் பயன்படுத்துவோமாக.