கூம்பு நிமிர்த்துபவர்கள்

சென்னைத் தீவுத்திடலை ஒட்டி நிற்கும் ஜிம்கானா கிளப்பின் பெயர்ப்பலகையைக் கடந்து செல்பவர்கள் அச்சொல் எங்கிருந்து வந்தது என்று யோசிப்பதில்லை. 1884-இல் தொடங்கப்பட்ட அந்தக் கிளப்புக்கு முன்பே, வட இந்தியாவின் ரூர்க்கியில் 1861-இல் ஒரு ஜிம்கானா இருந்ததாக ஆங்கிலோ-இந்தியச் சொற்களஞ்சியமான ஹாப்ஸன்-ஜாப்ஸன் பதிவு செய்கிறது. பந்து விளையாடும் இடம் என்று பொருள்படும் இந்துஸ்தானிச் சொல்லான கேந்த்-கானா வெள்ளைக்காரர் நாவில் இப்படித் திரிந்தது என்பர். விளையாட்டுக் கூடத்தைக் குறித்த சொல் பின்னர் குதிரை மீதேறிக் கம்பங்களுக்கிடையே வளைந்தோடும் வேடிக்கைப் போட்டிகளைக் குறிக்கலாயிற்று. குதிரையின் இடத்தைக் கார் பிடித்தபோதும் சொல் உடன் வந்தது. 1950-களின் அமெரிக்காவில், காலியான வாகன நிறுத்துமிடங்களில் அடையாளங்களை நட்டு அவற்றுக்கிடையே கார் ஓட்டிய இளைஞர்கள் தம் விளையாட்டை ஜிம்கானா என்றே அழைத்தனர். இன்று அங்கே ஆட்டோகிராஸ் என்ற பெயரே பெருவழக்கு. (அதே சொல் இங்கிலாந்தில் புல்வெளியிலும் மண்ணிலும் நடக்கும் முற்றிலும் வேறான பந்தயத்தைக் குறிக்கிறது. சொற்களை நம்பி வரலாறு எழுதுவோர் கவனிக்க வேண்டிய இடம் இது.)

இவ்விளையாட்டின் வரலாற்றில் நம்மை ஈர்ப்பது கார்கள் அல்ல. ஓட்டியவரே அரைமணி கழித்துக் கையில் சிவப்புக் கொடியுடன் வெயிலில் நின்று, பிறர் சாய்த்த கூம்புகளை நிமிர்த்தும் வழக்கம்தான். கூலியாள் இல்லை, வேடிக்கை பார்க்க மட்டும் வந்தவரும் ஏறத்தாழ இல்லை. இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்று அறிய, வேடிக்கை பார்க்க வந்தவர்கள் நிறைந்திருந்த ஒரு தெருவுக்குப் போகவேண்டும்.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் அமெரிக்காவில் சாலைப் பந்தயத்தை மீட்டெடுத்த ஊர் நியூயார்க் மாநிலத்தின் வாட்கின்ஸ் கிளென். சட்டக் கல்லூரி மாணவரான கேமரன் ஆர்கெட்சிங்கரின் முயற்சியால் 1948-இல் அங்கே பொதுச்சாலைகளிலேயே, ஏறத்தாழ 6.6 மைல் சுற்றில், பந்தயம் நடந்தது. கடைத்தெரு வழியாகக் கார்கள் பறக்க, நடைபாதை விளிம்பில் மக்கள் அமர்ந்து பார்த்தனர். 1950-இல் பந்தய வீரர் சாம் காலியர் உயிரிழந்தார். அதை ஓட்டுநர் தாமே ஏற்றுக்கொண்ட அபாயம் என்று சொல்லிக் கடந்துவிட முடிந்தது. 1952 செப்டம்பரில் ஒரு கார் கூட்டத்தின் மீது உரசிச் சென்றதில் ஏழு வயதுச் சிறுவன் இறந்தான், பலர் காயமுற்றனர். அச்சிறுவன் எதையும் ஏற்றுக்கொண்டவன் அல்லன். ஊர்நடுவில் ஓடும் பந்தயம் அத்துடன் முடிந்தது.

சாலை போனபின் இடம் எங்கே? 1944-இல் தோன்றிய எஸ்.சி.சி.ஏ. என்னும் அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் சங்கத்துக்குக் கைகொடுத்தவர் ஜெனரல் கர்டிஸ் லெமே. 1945-இல் டோக்கியோவைத் தீக்கிரையாக்கிய குண்டுவீச்சுக்குத் தலைமை தாங்கியவர். பின்னாளில் அணுகுண்டு விமானங்களுக்கெல்லாம் தளபதி. கூடவே ஸ்போர்ட்ஸ் கார்ப் பித்தர். மனிதர்கள் எத்தனை விசித்திரமான கலவைகள்! 1952 அக்டோபரில் ஜார்ஜியாவின் டர்னர் விமானத்தளத்தில் தொடங்கி, 1954 வரை அவர் தம் தளங்களைப் பந்தயங்களுக்குத் திறந்துவிட்டார். நுழைவுக் கட்டண வருவாய் விமானப்படை வீரர்களின் நலனுக்குச் சென்றது. இராணுவச் சொத்தைத் தனியார் கேளிக்கைக்குத் தருவதா என்று நாடாளுமன்றத்தில் எதிர்ப்பு எழவே அக்கதவும் மூடியது.

போர் விட்டுச்சென்ற ஓடுதளங்களே அக்காலப் பந்தயங்களுக்கு உலகெங்கும் தாய்வீடு. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் அப்படிப்பட்டது. நம் சோழவரமும் அப்படிப்பட்டதே. 1953-இல் நிறுவப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் நிலையான தளம் அமையும் வரை, போர்க்காலத்து ஓடுதளத்தில்தான் பந்தயம் நடத்தியது. ஓடுதளத்தில் வளைவு கிடையாது. வளைவை மனிதர்தான் உண்டாக்க வேண்டும். எண்ணெய் டிரம்களையும் வைக்கோல் கட்டுகளையும் அடுக்கி வரைந்தார்கள். டிரம்மில் மோதினால் கார் நொறுங்கும். மோதினாலும் யாருக்கும் காயமில்லாத ஓர் எல்லைச்சுவர் கிடைத்தபோதுதான் எளியவரின் சொந்தக் கார் இந்த விளையாட்டுக்குள் நுழைய முடிந்தது. லாஸ் ஏஞ்சலஸ் நகரின் சாலைக்கோடு வரையும் துறையில் பணியாற்றிய சார்லஸ் ஸ்கேன்லன், ஈரமான வண்ணக் கோடுகளை வாகனங்கள் மிதிக்காதிருக்க ஒரு கூம்பை வடிவமைத்து 1943-இல் காப்புரிமை பெற்றார். அவர் அறியாமலே ஒரு விளையாட்டுக்கு மதில் எழுப்பிக்கொண்டிருந்தார் எனலாம்.

எஸ்.சி.சி.ஏ. இதற்கு சோலோ என்று பெயரிட்டு 1973-இல் தேசிய அளவிலான போட்டியைத் தொடங்கியது. பெயருக்கேற்ப ஒவ்வொரு காரும் தனியே கடிகாரத்துடன்தான் போட்டியிடுகிறது. தளவரைவு என்பது கற்பனையும் கணக்கும் சேர்ந்த வேலை. பாதை 15 அடிக்குக் குறையலாகாது. வரிசையாக நட்ட கூம்புகளுக்கிடையே வளைந்தோடும் ஸ்லாலத்தில் ஒன்றுக்கொன்று 45 அடியாவது இடைவெளி வேண்டும். விளக்குக்கம்பம் போன்ற திடப்பொருள்களிலிருந்து 25 அடி விலகியிருக்க வேண்டும். சாதாரணக் காரின் வேகம் மிகவிரைவான இடத்திலும் மணிக்கு 60 மைலைச் சற்றே தாண்டும் அளவில் அடங்கவேண்டும். நேர்ப்பாதையை நீட்டினால் வேகம் எகிறும். அதிகம் மடித்தால் ஓட்டுநருக்குச் சலிப்பு. வழிகாட்ட, நிற்கும் கூம்பின் அருகே இன்னொன்றைப் படுக்கவைத்து அதன் நுனியைக் காட்டும் திசையில் திருப்பிவிடுகிறார்கள். காலையில் அனைவரும் பாதையை நடந்து மனப்பாடம் செய்கிறார்கள். காரில் ஒத்திகை கிடையாது.

பாதை வரைபவர் மறக்கக்கூடாத ஒன்று, கூம்பு விழுந்தால் அதை எடுக்க ஒரு மனிதர் ஓடவேண்டும் என்பது. அவர் எங்கே நிற்பார், முந்தைய கார் கடந்து அடுத்த கார் வருமுன் எத்தனை நொடி அவருக்குக் கிடைக்கும், கட்டுப்பாடிழந்த கார் எப்பக்கம் சுழன்றுவரும் என்பனவெல்லாம் வரைபடத்திலேயே தீர்மானமாகின்றன. ஓட்டுநர் ரசிக்கும் ஒரு வளைவு, நிலையத்தில் நிற்பவருக்கு மரணப்பொறியாகலாம். இரண்டையும் ஒருவரே மாறிமாறி அனுபவிக்கும்போது அந்த வரைவைப் பற்றிய புகார் நேர்மையாக வருகிறது.

போட்டியாளர்கள் குழுக்களாகப் பிரிக்கப்படுகிறார்கள். ஒரு குழு ஓட்டுகையில் மற்றொன்று பணியில் நிற்கும். பிறகு இடம் மாறும். பணிக்கு வராமல் நழுவியவரின் நேரம் செல்லாது. ஒருவர் ஓட்டும் சுற்று ஒவ்வொன்றும் பெரும்பாலும் ஒரு நிமிடத்தை ஒட்டியது. நாள் முழுவதும் சேர்த்தாலும் சில நிமிடங்களே. ஆக, தொண்டில் கழியும் நேரம் ஆட்டத்தினும் பன்மடங்கு. ஒவ்வொரு நிலையத்திலும் சிலர், அவர்களிடம் வானொலிக் கருவி, சிவப்புக் கொடி, தீயணைப்பான். வரும் காருக்கு முதுகு காட்டலாகாது, உட்காரலாகாது, புகைப்படம் எடுக்கலாகாது என்பவை பாலபாடம்.

அவர்களே நடுவர்களும்கூட. ஒவ்வொரு கூம்பின் அடியைச் சுற்றியும் ஒரு கட்டம் வரையப்பட்டிருக்கும். கூம்பு சாய்ந்தால், அல்லது நின்றபடியே கட்டத்தைவிட்டு முழுதும் நகர்ந்துபோனால், 2 நொடி தண்டனை. விளிம்பு கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றால் தண்டனையில்லை. நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளக்கும் விளையாட்டில் 2 நொடி என்பது யுகம். அதைத் தீர்ப்பவர், ஓடிவந்து மூச்சிரைக்கக் குனிந்து பார்க்கும் சக போட்டியாளர். தீர்ப்புக்கு உள்ளானவரே அடுத்த சுற்றில் அவருக்குத் தீர்ப்பு சொல்லக்கூடும். இதில் பழிவாங்கலுக்கு இடமுண்டே என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் நிலையத்தில் ஒருவர் தனியே நிற்பதில்லை. தவிர, தரையில் கோடு இருக்கிறது.

2009 முதல் இதன் தேசியப் போட்டி நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில், 1966-இல் மூடப்பட்ட பழைய விமானத்தளத்தின் விசாலமான கான்கிரீட் பரப்பில் நடந்து வந்திருக்கிறது. லெமேயின் காலத்தில் பி-47 குண்டுவீச்சு விமானங்கள் நின்ற இடம் அது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் போட்டியிடும் அத்திடலில் இரண்டு பாதைகள் அருகருகே வரையப்படுகின்றன. ஒவ்வொன்றிலும் மூன்று சுற்றுகள், இரண்டிலும் பெற்ற சிறந்த நேரங்களின் கூட்டுத்தொகையே முடிவு. முந்தைய கார் சாய்த்த கூம்பு நிமிர்த்தப்படுமுன் அடுத்தவர் வந்துவிட்டால், அவர் காரை நிறுத்தி அதைச் சுட்டிக்காட்டலாம், மறுசுற்று கிடைக்கும். கூம்பை நோக்கி ஓடிக்கொண்டிருந்தவர் பாதிவழியில் நின்று, பாதையைவிட்டு விலகி, வானொலியில் அந்தக் காரின் எண்ணைச் சொல்கிறார்.